எலும்பு கரையும் முதல் மாதங்கள்

முத்துக்குளித்தல் 1961-உடன் நின்றுபோயிற்று. சங்குகுளிப்பு நிற்கவில்லை. கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்கிய தூத்துக்குடிக் கரையில் இன்று கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு மூழ்குகிறார்கள். ஆழத்தில் நெடுநேரம் கிடந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், உடம்பில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழாகித் தண்டுவடத்தைத் தாக்கும்; இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். பெரியதாழையை ஒட்டிய தேரிக்காட்டுப் பக்கம் போனால் பனை இருக்கிறது. பனையேறி தவறி விழுந்தால் முதுகெலும்பு முறிவது அன்றும் இன்றும் ஒன்றே.

காயத்துக்குப் பிந்தைய வாழ்க்கைதான் மாறியிருக்கிறது. 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைசிகிச்சை செய்தார்; 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நம் பக்கத்தில், 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் உயிரைக் குடித்த காலத்தில் எலும்பைப் பற்றி யார் யோசிப்பார்கள்? பல பத்தாண்டுகள் வாழலாம் என்றான பிறகுதான் அந்தக் கவலையே வந்தது.

பாரம் தாங்காத எலும்பு, தான் வேண்டியதில்லை என்று முடிவெடுத்துக்கொள்கிறது. எலும்பை அரிக்கும் செல்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. புதிதாகக் கட்டும் செல்கள் பின்தங்குகின்றன. காயம்பட்ட முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில்தான் இழப்பு மிக வேகம். முழங்காலை ஒட்டிய தொடை எலும்பும் கணைக்கால் எலும்பின் மேல்முனையும் அதிகம் நலிகின்றன. கரைந்த கால்சியம் சிறுநீரில் இறங்கும். அதைப் பார்த்துப் பயந்து, கல் உண்டாகும் என்று அன்றைய மருத்துவர்கள் பாலையும் வைட்டமின் டி-யையும் குறைக்கச் சொன்னார்கள். கால்சியம் வந்தது நோயாளியின் எலும்பிலிருந்தே அல்லவா! பாலை நிறுத்தினால் அந்தக் கசிவு நிற்காது.

1960-களின் இறுதியில் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் முதலானோர் ஆராய்ந்த பிஸ்பாஸ்பனேட் மருந்துகள், அரிக்கும் செல்களை அடக்கின. அந்த வரிசையில் வந்த சோலெட்ரானிக் அமிலம் ஐந்து மில்லிகிராமைக் கால் மணி நேரத்தில் இரத்த நாளத்தில் ஏற்றினால் ஓராண்டு வேலை செய்யும். காயத்துக்குப் பின் சீக்கிரமே கொடுத்தால் இடுப்பெலும்பை நன்றாகக் காக்கிறது. முழங்காலில் அவ்வளவு பலன் இல்லை. ஆறு மாதத்துக்கொருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப், முழங்காலிலும் நம்பிக்கை தருகிறது. ஆனால் ஊசியை இடையில் நிறுத்திவிட்டால் இழப்பு பாய்ந்து திரும்பிவரும், முதுகெலும்பு நொறுங்கவும் கூடும். அடுத்த ஊசிக்கு உறுதி இல்லாத குடும்பத்திடம் இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

வைட்டமின் டி மட்டும் இந்த இழப்பை நிறுத்தாது. அது குறைவாக இருக்கும்போது இந்த மருந்துகளைக் கொடுத்தால் இரத்தக் கால்சியம் அபாயமாகச் சரியும். ஆகவே முதலில் அதை அளந்து சரிசெய்கிறார்கள், சிறுநீரகத்தையும் பார்க்கிறார்கள். வெயில் கொட்டும் கடற்கரையில் இந்தக் குறை எப்படி வரும் என்று தோன்றலாம். கடலுக்குப் போனவர் உள்ளறைக் கட்டிலோடு கிடந்தால் வரும். வெயிலில் அவரை வெளியே கொண்டுவருவதும், சாளையும் நெத்திலியும் முள்ளோடு தின்னக் கொடுப்பதும் பெரிய செலவில்லை.

எனக்கு வருத்தமானது ஒன்றுதான். எலும்பு வேகமாகக் கரையும் அந்த முதல் மாதங்களில், முதுகு அறுவையும் புண்ணும் பேசப்படுகின்றன. காலெலும்பை யாரும் பேசுவதில்லை. மருத்துவமனையிலிருந்து அனுப்பும் முன்பே இதைப் பற்றிக் கேளுங்கள். வீட்டில், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது கால் முறுகினாலே எலும்பு முறியலாம், வலி தெரியாது. முழங்கால் பக்கம் வீக்கம், சூடு, திடீரென்று கூடிய தசை இழுப்பு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.