அமிலம் செல்லும் வழி

புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தை அடுத்துள்ள பழைய கல்லுடைப்புக் குழிகளில் நாம் காண்பது கருங்கல். அதன்மீது நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் நுரை எழுவதில்லை. அதே சொட்டு சுண்ணாம்புக் கல்லின்மீது விழுந்தால் உடனே பொங்கி நுரைக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் மாணவர் காணும் இந்நுரையே, வற்றிவரும் எண்ணெய்க் கிணறுகளை மீட்கும் ஒரு தொழில்நுட்பத்திற்கு அடிப்படையாகும்.

மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், கடலடியில் உள்ளது 'மும்பை ஹை' எண்ணெய் வயல். 1974இல் கண்டறியப்பட்ட அவ்வயலில் 1976 முதல் எண்ணெய் எடுக்கப்பட்டு வருகிறது. அங்கு எண்ணெய் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை அடுக்குகளில் தங்கியுள்ளது. விளைச்சல் குறைந்த பின்னர், பாறை அடுக்கினூடே கிடையாகச் செல்லும் கிணறுகளும், ஒரே தண்டிலிருந்து பல கிளைகள் பிரியும் கிணறுகளும் தோண்டப்பட்டன.

துளையிடும்போது பயன்படும் சேறு பாறையின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. அவ்வடைப்பைக் கடந்து எண்ணெய்க்கு வழி திறக்கவே அமிலம் செலுத்தப்படுகிறது. சுண்ணாம்பு கரைந்து கால்சியம் குளோரைடும் நீரும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. ஆயினும் 15 விழுக்காட்டு அமிலம் ஒரு லிட்டர், ஏறத்தாழ 220 கிராம் சுண்ணாம்பையே கரைக்கும். எனவே, பாறை முழுவதையும் கரைப்பது நோக்கமன்று. தக்க வேகத்தில் செலுத்தினால் அமிலம் மெல்லிய, கிளைத்த வழிகளைக் குடைந்து செல்லும். அவற்றைப் புழுத்துளைகள் என்கிறோம். வேகம் குறைந்தால் கிணற்றுச் சுவர் மட்டுமே கரையும். மிகுந்தால் அமிலம் எங்கும் பரவி வீணாகும்.

இனி, உண்மையான இடர்ப்பாட்டுக்கு வருவோம். அமிலம் எளிய வழியையே நாடும். ஏற்கெனவே திறந்துள்ள பகுதி மேலும் திறக்கும். உதவி தேவைப்படும் இறுகிய பகுதி அப்படியே எஞ்சும். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளும் கிளையில் அதன் தொடக்கப் பகுதியே பெரும்பங்கைக் குடித்துவிடும். புழுத்துளை நீர் நிறைந்த அடுக்கை எட்டினாலோ, எண்ணெய்க்கு மாறாக நீரே பெருகும். கிளைகள் பலவாயின் எக்கிளைக்குள் அமிலம் புகுகிறது என்பதும் வினாவாகிறது.

இதனால், சுருளாகச் சுற்றப்பட்ட நீண்ட குழாயை உரிய கிளைக்குள் இறக்கி, இடம் விட்டு இடம் அமிலம் பாய்ச்சுகின்றனர். வினைபுரிந்தபின் கூழாக இறுகும் அமிலக் கலவைகளும் உண்டு. அக்கூழ் திறந்த வழியைத் தற்காலிகமாக அடைத்து, பின்வரும் அமிலத்தை இறுகிய பாறைக்குத் திருப்புகிறது.

அமிலம் இரும்பையும் அரிக்கும். 1896இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இம்முறை நெடுங்காலம் வழக்கொழிந்து கிடந்தது. 1932இல் மிச்சிகனில் அரிப்புத் தடுப்பானுடன் பயன்படுத்தப்பட்ட பின்னரே அது மீண்டும் பரவியது.

வகுப்பில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், சமன்பாட்டை எழுதியதும் நின்றுவிட வேண்டா. எவ்வளவு அமிலம் வேண்டும் என்பதைச் சமன்பாடு கூறும். அது எங்கே செல்லும் என்பதைப் பாறையே முடிவு செய்கிறது. இவ்விரண்டாம் வினாவையும் மாணவர் முன் வைத்தல் நம் கடன்.