குடிமகன் உரிமையும் கூடும் உரிமையும்

நாடாளும் முறை இன்னதென ஆராய்ந்த அறிஞர் பலர். அவருள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் தோன்றி, அறிவொளிக் காலத்தினர் என வழங்கப்பெறுவோர் பெரிதும் போற்றற்குரியர். அவர்தம் கொள்கைகளை மாணாக்கராகிய நாம் தேர்வின்பொருட்டுக் கற்று, தேர்வு முடிந்தவுடன் மறந்துவிடுகின்றோம். ஆயின், சென்னைக்கு மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பெரும்புதூர் வட்டாரத்திலே 2024ஆம் ஆண்டில் எழுந்த வழக்கொன்று அவ்வறிஞர் நூல்களை மீண்டும் திறந்து பார்க்கச் செய்கின்றது. அதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

நம் பண்டை நூல்களும் அரசியலைப் பேசாதன அல்ல. திருவள்ளுவர் செங்கோன்மைக்கு ஓரதிகாரமும் கொடுங்கோன்மைக்கு ஓரதிகாரமும் வகுத்தார். சிலப்பதிகாரத்திலே, தன் கோல் வளைந்தது என உணர்ந்த அக்கணமே பாண்டியன் உயிர் நீத்தான். அம்மன்னனது மாண்பு நம் உள்ளத்தை உருக்குவதே. ஆயினும் ஒரு வினா நிகழ்கின்றது. வாயிலோன் கண்ணகியை உள்ளே விடாதிருந்தால் அவள் வழக்கு யாதாயிருக்கும்? முறை வேண்டி வந்தவள் முறை பெறுதல் மன்னனது நல்லியல்பைப் பொறுத்ததாயிற்று. மன்னன் நல்லனாயின் குடிகள் வாழ்வர். அல்லனாயின் அவர் செய்யத்தக்கது யாது?

இவ்வினாவிற்கு விடை கூறப் புகுந்தோரே மேற்சொன்ன அறிஞர். ஆங்கில நாட்டு லாக் என்பார் 1689இல் வெளியிட்ட நூலில், உயிர், சுதந்தரம், உடைமை என்பன மக்கட்கு இயற்கையிலேயே உரியன என்றும், அவற்றைக் காத்தற்பொருட்டு மக்கள் தம் இசைவினால் அமைத்ததே அரசு என்றும், அந்நம்பிக்கையைச் சிதைக்கும் அரசை மாற்றும் உரிமை அவர்க்கு உண்டு என்றும் நிறுவினார். பிரெஞ்சு நாட்டு மாண்டெஸ்கியூ 1748இல், சட்டம் இயற்றல், ஆட்சி நடத்தல், நீதி வழங்கல் ஆகிய மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் சுதந்தரம் அழியும் என எச்சரித்தார். ரூஸோ 1762இல், ஆட்சியதிகாரம் மக்களின் பொது விருப்பத்திற்கே உரியது என முழங்கினார். அரசனது அருள் என்றிருந்தது குடிமகனது உரிமை என்றாயிற்று. இஃது உலக வரலாற்றில் ஒரு பெருந்திருப்பம் என்பதில் ஐயமில்லை.

எனினும், அவர் கண்ட காட்சியில் ஒரு குறை இருந்தது. ஒருபுறம் தனி மனிதன், மறுபுறம் அரசு என இரண்டினையே அவர் பெரிதும் நோக்கினர். இடைநின்ற சிறு கூட்டங்கள் பொது விருப்பத்தைப் பிளக்கும் என ரூஸோ அஞ்சினார். 1789இல் பிரெஞ்சு மக்கள் வெளியிட்ட உரிமைச் சாசனத்தின் 17 பிரிவுகளிலும், சங்கம் அமைக்கும் உரிமை இடம்பெறவில்லை. இரண்டாண்டு கழித்து, 1791இல், லே ஷாப்பலியே என்பார் கொணர்ந்த சட்டம் தொழிலாளர் கூட்டுறவுகளைத் தடுத்தேவிட்டது. ஆங்கில நாட்டிலும் 1799, 1800ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவ்வாறே செய்தன.

இக்குறையை அக்காலத்தினரே ஒருவர் கண்டு கூறினார். அவர் ஆடம் ஸ்மித். 1776இல் வெளிவந்த தம் பொருளியல் நூலில், முதலாளிகள் சிலராதலின் ஓசையின்றி ஒன்றுகூடல் எளிதென்றும், சட்டம் அதனைத் தடுப்பதில்லை என்றும், தொழிலாளர் கூடுதலையோ அது தடுக்கின்றது என்றும் எடுத்துக் காட்டினார். வேலை நின்றால் முதலாளி ஓரிரண்டு ஆண்டுகள் தாங்குவர். தொழிலாளருட் பலர் ஒரு வாரமும் தாங்கார் என்பதும் அவர் கூற்று. சட்டத்தின்முன் இருவரும் சமம். அடுப்பின்முன் சமமல்லர் என்பது இதன் கருத்தென்க. தனித்து நிற்பவனுக்கு வழங்கிய உரிமை, கூடி நிற்கும் உரிமையின்றி, ஏட்டளவில் நின்றுவிடும்.

இவ்வுண்மையை உலகம் மெல்லவே உணர்ந்தது. ஆங்கில நாட்டுத் தடை 1824இல் நீங்கிற்று. பிரெஞ்சு நாட்டில் தொழிற்சங்கங்கள் 1884இல்தான் சட்டத்தின் ஏற்பைப் பெற்றன. நம் நாட்டில் இதற்கு வித்திட்டது சென்னையே. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா அதன் தலைவர். வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராயிருந்து, இனிய உரைநடைக்கு வழிகாட்டிய திரு.வி.க. அதன் தூண்களுள் ஒருவர். பக்கிங்ஹாம், கர்னாட்டிக் ஆலைகளின் நிருவாகத்தார் வாடியா முதலியோர்மீது வழக்குத் தொடுக்க, சென்னை உயர்நீதிமன்றம் அவர்க்கு எதிராகத் தடையாணை பிறப்பித்தது. சங்கத்திற்குச் சட்டக்காப்பு வேண்டும் என்ற குரல் அதனால் ஓங்கி, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, சங்கம் அமைத்தலை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக்கிற்று.

நிற்க. இனித் திருப்பெரும்புதூருக்கு வருவாம். ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்த இந்நிலப்பகுதியில், 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார்த் தொழிற்சாலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கின. சுங்குவார்சத்திரத்தருகே சாம்சங் நிறுவனம் குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் முதலியவற்றைச் செய்து வருகின்றது. அங்குள்ள தொழிலாளர் ஏறக்குறைய 1,800 பேர். அவருட் பலர் 2024இல் ஒரு சங்கம் அமைத்துப் பதிவுக்கு விண்ணப்பித்தனர். சங்கத்தின் பெயரில் தம் வணிகப் பெயர் வருதல் தகாது என நிறுவனத்தார் மறுப்புரைத்தனர். பதிவு தாமதித்தது. செப்டம்பர் 9ஆம் நாள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது.

அந்நாட்களில் நிகழ்ந்த ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டுவது. அக்டோபர் 7ஆம் நாள், மாதந்தோறும் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உள்ளிட்ட சில நலன்களை வழங்க நிறுவனத்தார் தொழிலாளருள் ஒரு சாராரோடு உடன்படிக்கை செய்தனர். ஆயினும் வேலைநிறுத்தம் அன்றோடு முடிந்திலது. பொருள் கிடைத்தும் ஏன் முடிந்திலது எனச் சிலர் வியந்தனர். வியப்பிற்கு இடமில்லை. கொடை வேறு, உரிமை வேறு. கொடை கொடுப்பவன் உள்ளத்தைப் பொறுத்தது. இன்று வரும், நாளை வாராது. உரிமையோ பெறுபவனிடத்தே நிற்பது. நல்லரசன் அருளுக்கும் குடிமகன் உரிமைக்கும் இடையே லாக் கண்ட வேறுபாடு, ஈண்டுத் தொழிற்சாலை வாயிலில் நின்றது.

இவ்வழக்கு முடிந்த வகையும் நோக்கத்தக்கது. பதிவு செய்யவேண்டியது ஆட்சித்துறை. தொழிலாளர் நீதித்துறையை நாடினர். ஆறு வாரத்துள் முடிவு செய்க எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஆணையிட்டது. 2025 ஜனவரி 27ஆம் நாள் சங்கம் பதிவாயிற்று. ஏறக்குறைய ஏழு திங்கள் காத்திருந்த விண்ணப்பம், ஓரதிகாரத்தை மற்றோரதிகாரம் வினவியதனால் அசைந்தது. மாண்டெஸ்கியூ வேண்டியது இதுவே அன்றோ? நூறாண்டுக்கு முன் தொழிலாளர் தலைவரைத் தடுத்த அதே நீதிமன்றம், இம்முறை அவர்க்குக் கதவு திறந்தது. இடையில் பிறந்த சட்டமும் அரசியலமைப்புமே அம்மாற்றத்தின் காரணம்.

நிறுவனங்கள் இம்மண்ணுக்குப் பல்லாயிரவர்க்குப் பிழைப்பைக் கொணர்ந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. கல்லூரியை விட்டு நீங்கும் நம்முட் பலர்க்கும் அவ்வழியே வேலை கிட்டலாம். சங்கங்களும் தவறா இயல்பின அல்ல. அவையும் சட்டத்திற்கும் அறத்திற்கும் உட்பட்டனவே. ஆயினும் சங்கம் வேண்டுமா வேண்டாவா என முடிவு செய்யவேண்டியவர் தொழிலாளரே. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டங்கள் மாறும், அவற்றை அளக்கும் கோல் மாறாது. தனித்து நிற்க அஞ்சுபவன் தன் தோழரோடு கூடி, அஞ்சாது வாயில் கடந்து, தன் வழக்கை உரைக்க இயலுமா என்பதே அக்கோல். அதனைக் கைக்கொண்டு சட்டங்களை அளந்து பார்த்தல் கற்றவர் கடனாம்.