உங்களுக்குத் தெரியுமா? அப்பாவின் நெஞ்சில் நீர் கோத்தால்...

● “நுரையீரலில் நீர் கோத்திருக்கு” என்று டாக்டர் சொல்கிறாரே, அந்த நீர் நுரையீரலுக்குள் இல்லை. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் இரண்டு மெல்லிய சவ்வுகளுக்கு நடுவில் இருக்கிறது. உராய்வு வராமல் இருக்க எல்லோருக்கும் அங்கே இரண்டு மூன்று டீஸ்பூன் நீர் உண்டு. புற்றுநோய் அந்தச் சவ்வைத் தொட்டுவிட்டால் ஊறுவது கூடும், வடிவது அடைபடும். சிலருக்கு லிட்டர் கணக்கில் சேர்ந்து நுரையீரலை அமுக்கும்.

● பெருமுக்கல் மலையை நிற்காமல் ஏறி இறங்கியவர், இப்போது வாசற்படிக்கே மூச்சு வாங்குகிறாரா? ராத்திரியில் ஒரே பக்கமாக ஒருக்களித்துப் படுக்கிறாரா? ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிய சுமார் 200 மில்லி நீர் சேர்ந்திருக்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அதைவிடக் குறைவானதையும் காட்டிவிடும்.

● டாக்டர் முதுகில் விரலால் தட்டிப் பார்ப்பது 1761-இல் வெளிவந்த முறை. ஆஸ்திரிய மருத்துவர் அவுன்ப்ரூகர் எழுதி வைத்தார். நீர் நின்ற இடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்கும்.

● நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது டிபி. அதில் தப்பில்லை, இந்தியாவில் அது முக்கியமான காரணம்தான். ஆனால் எடுத்த நீரைச் சோதிக்காமலே மாதக்கணக்கில் டிபி மாத்திரை சாப்பிட்டால், புற்றுநோய்க்கு அத்தனை மாத அவகாசம் கொடுத்ததாகிவிடும். ரத்தம் கலந்த நீர் இரண்டிலும் வரலாம், நிறத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. திண்டிவனம், வானூர் பக்கம் கல்குவாரியிலோ கிரஷரிலோ வேலை பார்த்தவர் என்றால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். கல்தூசி டிபியையும் கூட்டும், புற்றுநோயையும் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே அதைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டது.

● “ஊசி போட்டா பரவிடும்” என்ற பயத்தில் நீர் எடுக்க மறுப்பவர்கள் உண்டு. வேண்டாம் அந்தப் பயம். உட்காரவைத்து, முன்னால் தலையணையில் சாய்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியை நுழைப்பார்கள். ரத்தக்குழாயும் நரம்பும் கீழ் விளிம்பில் ஓடுவதால்தான் இந்தக் கவனம். பலருக்கு அன்றைக்கே மூச்சு லேசாகும்.

● எல்லா நீரையும் ஒரே நாளில் எடுக்க மாட்டார்கள். பொதுவாக ஒன்றரை லிட்டரோடு நிறுத்துவார்கள். அமுங்கிய நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் இறங்கும் அபாயம் உண்டு.

● குடிக்கிற தண்ணீரைக் குறைத்தால் இந்த நீர் குறையாது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள்.

● திரும்பத் திரும்ப ஊறினால், கிருமி நீக்கிய டால்க் பவுடரைச் செலுத்தி இரண்டு சவ்வுகளையும் ஒட்டவைக்கலாம். வீட்டிலேயே வடிக்கச் சிறு குழாயும் பொருத்தலாம்.

● நுரையீரல் புற்றுநோயில், இந்த நீரில் புற்றுநோய் செல் இருந்தால் அது நான்காம் கட்டம். மறைத்துப் பயனில்லை. ஆனால் அதே நீரிலிருந்து மரபணு மாற்றத்தையும் சோதிக்கலாம், ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் மாத்திரையாலேயே நோயைக் கட்டுக்குள் வைக்க வழியுண்டு.

● புற்றுநோயால் நீர் கோத்தவர்களிலும் முதல் சோதனையில் புற்றுநோய் செல் தெரிவது ஏறக்குறைய பத்தில் ஆறு பேருக்குத்தான். ‘ஒன்றுமில்லை’ என்று ரிப்போர்ட் வந்தாலும் சந்தேகம் இருந்தால் மறுபடி சோதிக்க வேண்டும். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ புதுச்சேரி ஜிப்மரோ, எங்கே போனாலும் நீர் எடுக்கும் அன்று “புற்றுநோய் செல் பரிசோதனைக்கு அனுப்பியாச்சா?” என்று தயங்காமல் கேளுங்கள்.