பத்து வெற்றி சொல்லாத கதை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் சீசன் முடியும் தறுவாயில் ஓர் அணியை வெற்றிக் கணக்கை மட்டும் வைத்து எடைபோட்டால் ஏமாறுவோம். 2023இல் ஐயோவா பல்கலைக்கழக அணி 12 வழக்கமான ஆட்டங்களில் 10ஐ வென்றது. ஆனால் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை யார்டு முன்னேறியது என்ற பட்டியலில், முதல்நிலைப் பிரிவின் 133 அணிகளில் அதற்கே கடைசி இடம். வென்றது தற்காப்பின் பலத்தால். இன்னொரு துணை, பந்தை நெடுந்தூரம் உதைத்து எதிரணியைப் பின்னுக்குத் தள்ளிய டோரி டெய்லர். அவர் உதைத்த மொத்தத் தூரம் 4,479 யார்டு, ஒரே சீசனுக்கான தேசிய சாதனை. அணி அடிக்கடி முன்னேற முடியாமல் பந்தை விட்டுக்கொடுத்தது என்பதற்கும் அந்தச் சாதனையே சாட்சி.

வெற்றிதானே முக்கியம், எப்படி வந்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நவம்பரில் வென்ற நான்கு ஆட்டங்களில் மூன்றின் வித்தியாசம் மூன்று புள்ளிக்கு மேல் போகவில்லை: 10-7, 15-13, 13-10. ஒரு பந்து கைநழுவியிருந்தால் முடிவே மாறியிருக்கும். பலவீனமான எதிரணிகள் முன்னேற முடியாத அந்தக் குறையை மறைத்தன, வலுவானவை அம்பலமாக்கின. செப்டம்பரில் பென் ஸ்டேட்டிடம் 31-0 எனத் தோல்வி. வழக்கமான ஆட்டங்கள் முடிந்தபின், டிசம்பரில் மிச்சிகனிடம் 26-0. புத்தாண்டு நாளில் டென்னசியிடம் 35-0. மூன்றிலும் ஒரு புள்ளிகூட இல்லை. ஆகவே வெற்றிக் கணக்கைப் படிக்கும்போது, அது யாருக்கு எதிராக வந்தது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.