பாட்டுக்காரருக்காக அழுத அழுகை

"யாரோ ஒரு பாட்டுக்காரர் செத்ததற்கு இத்தனை அழுகையா?" என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். அன்று 2020 செப்டெம்பர் 25, வெள்ளிக்கிழமை. பகல் ஒரு மணியளவில் சென்னை மருத்துவமனையில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் காலமானார். பெண்கள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது, ஹட்டன் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டம் முழுவதும் அந்தச் செய்தி பரவியிருந்தது. பெரியவரின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது சொல்ல முயல்கிறேன். போரில் உறவைத் தொலைத்துவிட்டு, அழவும் முடியாமல் அழாமல் இருக்கவும் முடியாமல் வாழும் சகோதரிகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

பாலசுப்பிரமணியத்தின் தாய்மொழி தெலுங்கு. 1969இல் வெளிவந்த 'அடிமைப்பெண்' படத்தில் எம்.ஜி.ஆருக்காகப் பாடித்தான் தமிழர் வீடுகளுக்குள் அவர் குரல் நுழைந்தது. பாடவேண்டிய நேரத்தில் அந்த இளைஞருக்கு நெருப்புக்காய்ச்சல் வந்துவிட்டது. வேறு பாடகரைத் தேடாமல், அவர் குணமாகும்வரை எம்.ஜி.ஆர் காத்திருந்தார். எம்.ஜி.ஆர் நமது நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதால் இந்தக் கதையை மலையகத்தில் பெருமையோடு சொல்வார்கள். அதன்பின் 50 ஆண்டுகளுக்கு மேல் பல மொழிகளில் பாடி, 6 முறை இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றார்.

எங்களுக்கு அவரைக் கொண்டுவந்து தந்தது இலங்கை வானொலி. லயத்தில் ஒரு காம்பராவில் ரேடியோ இருந்தால் போதும், பக்கத்துக் காம்பராக்கள் எல்லாவற்றுக்கும் பாட்டுக் கேட்கும். எங்கள் வீட்டு ரேடியோவை அண்ணன் தன் முதல் சம்பளங்களைச் சேர்த்து வாங்கினான். பாலசுப்பிரமணியம் பாடினால் சத்தத்தைக் கூட்டிவிட்டு, கூடவே தானும் பாடுவான். "உன் தொண்டைக்கு மாடுதான் வரும்" என்று அம்மா சிரிப்பார்.

1977 ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு, தோட்டங்களில் இனி இருக்க முடியாது என்று எத்தனையோ குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயின. 20 வயது அண்ணனும் மாமா குடும்பத்தோடு போனான். ரேடியோவை எங்களுக்கு விட்டுப் போனான். அங்கேயே காடு வெட்டி, கல்யாணம் முடித்து, பிள்ளைகளும் பிறந்தன. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபின் அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை வந்தான். அதுதான் கடைசி. 2009 மே மாதத்தில் அண்ணியும் பிள்ளைகளும் வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணன் வரவில்லை. உயிரோடு கண்டதாகச் சொன்னவர்களும் உண்டு, காயத்தோடு கண்டதாகச் சொன்னவர்களும் உண்டு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாலசுப்பிரமணியத்தின் பாட்டு ஒலிக்கவில்லை. எங்காவது கேட்டாலும் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். அண்ணன் படத்துக்கு மாலை போடவோ விளக்கு வைக்கவோ விடமாட்டார். "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு விளக்கா?" என்பார்.

2020 ஆகஸ்ட் 5ஆம் திகதி, கொரோனாத் தொற்றோடு பாலசுப்பிரமணியம் மருத்துவமனையில் சேர்ந்தார். 'சீக்கிரம் திரும்பி வா' என்று இளையராஜா அழைத்த காணொளி எங்கள் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளிலும் ஓடியது. ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்குத் தமிழ்த் திரையுலகினர் கூட்டுப் பிரார்த்தனைக்கு அழைத்தபோது இங்கும் சில வீடுகளில் விளக்கேற்றினார்கள். தொற்று நீங்கிவிட்டது என்ற செய்தியும் வந்தது. நுரையீரல் தேறவில்லை. 51ஆம் நாள் எல்லாம் முடிந்தது.

ஊரடங்கு ஜூனில் நீங்கி, இரண்டாவது அலை ஒக்டோபரில் வருவதற்கு முந்திய இடைவெளி அது. அதனால் நாங்கள் கூட முடிந்தது. இளைஞர்கள் கோயிலுக்கு முன்னால் மேசை போட்டு, அவர் படத்தை வைத்து மாலை போட்டார்கள். ஒலிபெருக்கியில் அவர் பாட்டுக்கள். ஒருவர் தப்பையும் எடுத்து வந்துவிட்டார். "பிணம் இல்லாத இடத்தில் தப்பு அடிக்கலாமா?" என்று முணுமுணுப்பு எழுந்தது. அப்போதுதான் 82 வயது அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்தார்.

படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒப்பாரி தொடங்கினார். முதலில் பாடகரைத்தான் 'ராசா' என்று அழைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒப்பாரியில் ஒரு ரேடியோ வந்தது. பிறகு கிளிநொச்சிக்குப் போன பஸ் வந்தது, 2002இல் கொண்டுவந்த நிலக்கடலை மூட்டை வந்தது. சுற்றி இருந்த பெண்களுக்கு விளங்கிவிட்டது. ஒருவரும் தடுக்கவில்லை. கைகோத்து வட்டமாக உட்கார்ந்தார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத மகனுக்காக ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குப் போன அக்காவுக்காக அழுதாள். அந்த மக்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். அன்று கோயில் முன்னால் ஒரே ஒரு படம்தான் இருந்தது. அழப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

பெரியவரின் கேள்விக்கு என் பதில் இதுதான். பாட்டுக்காரர் 'யாரோ' அல்ல. நம் வீட்டுக்குள் வாழ்ந்தவர். அவர் குரலில் நம் ஆட்களின் காலமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைவிட, அவருடைய சாவு நிச்சயமான சாவு. நாள் தெரியும், நேரம் தெரியும், மறுநாள் தாமரைப்பாக்கத்தில் அடக்கம் செய்ததும் தெரியும். காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு இந்த நிச்சயம் கிடைப்பதில்லை. போலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் இப்படியான முடிவு தெரியாத இழப்பைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அழுதால் ஆளை நாமே கொன்றதுபோல, அழாவிட்டால் மறந்ததுபோல, இரண்டு பக்கமும் குற்ற உணர்வு.

அண்ணிக்கும் அப்படித்தான். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னபோதெல்லாம் மறுத்தார். 2016இல் சட்டம் திருத்தப்பட்டபின், இறந்துவிட்டார் என்று சொல்லாமல், ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் பெற வழி வந்தது. அதற்குத்தான் அவர் சம்மதித்தார். அம்மா அழுததை அன்றிரவு தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. "நானும் இங்கே ரேடியோவைப் போட்டுவிட்டு அழுதுகொண்டுதான் இருக்கிறேன் தங்கச்சி" என்றார்.

சகோதரிகளே, அழுவது மரணச் சான்றிதழில் கையெழுத்து வைப்பதாகாது. அழுதபின்னும் தேடலாம், கேட்கலாம், வீதியில் இறங்கி நீதி கோரலாம். உங்களில் யாராவது ஒரு பாடகருக்காகவோ நடிகருக்காகவோ அழுதால், "இதற்கெல்லாமா?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். யாருக்காக என்று கேட்கவும் வேண்டாம். சொல்ல வேண்டுமென்று தோன்றினால் அவர்களே சொல்வார்கள்.

அம்மா இப்போதும் அண்ணன் படத்துக்கு விளக்கு வைக்க விடவில்லை. நாங்களும் வற்புறுத்துவதில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு மாற்றம். ரேடியோவில் பாலசுப்பிரமணியம் பாடினால் அவர் எழுந்து போவதில்லை. "சத்தத்தைக் கூட்டு பிள்ளை" என்கிறார்.