‘ஜூம்’ டார்ச்சைச் சீர்செய்வோமா?

முகப்பை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ‘ஜூம்’ டார்ச் இன்று கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். முகப்பை முன்னே இழுத்து, இரவில் எதிர்ச்சுவரின்மீது ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். வட்டமாக விழுமென எதிர்பார்த்த ஒளி சதுரமாக விழும். அது என்ன சதுரம்? டார்ச்சினுள் இருக்கும் எல்.இ.டி.யின் மஞ்சள் சில்லுதான்! முகப்பிலுள்ள குவிலென்சு அதன் பிம்பத்தைச் சுவரில் வீழ்த்துகிறது.

இந்த எளிய அமைப்பில் ஒரு பெருங்குறை உண்டு. கற்றை குவிய வேண்டுமானால் சில்லு லென்சின் குவியத்தில் இருக்க வேண்டும். லென்சின் ஆரம் 10 மி.மீ., குவியத் தொலைவு 20 மி.மீ. என்று கொள்வோம். எல்.இ.டி.யின் ஒளி நேர்முன்னே மிகுதியாகவும் ஓரங்களில் குறைந்தும் பரவுகிறது. அத்தகைய ஒளியில் லென்சைச் சேரும் பங்கைக் காண, ஆரத்தின் வர்க்கத்தை ஆரம், தொலைவு ஆகிய இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 100-ஐ 500-ஆல் வகுத்தால் ஐந்தில் ஒரு பங்குதான்! மீதி நான்கு பங்கும் குழாயின் கறுப்புச் சுவரில் பட்டு வீணாகிறது. லென்சைச் சில்லிலிருந்து 5 மி.மீ. தொலைவுக்குத் தள்ளினாலோ ஐந்தில் நான்கு பங்கு வெளியே வரும். ஆனால் கற்றை விரிந்துவிடும்.

வீணாகும் ஒளியைப் பிடிக்கலாமென்று நான் ஒருமுறை குழாயின் உட்புறத்தில் சாக்லேட் சுற்றிவரும் வெள்ளிக் காகிதத்தை ஒட்டினேன். சதுரம் துளியும் பிரகாசமாகவில்லை. அதைச் சுற்றி மங்கலான மூட்டம்தான் வந்தது. குழாய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் கதிர்கள் குவியத்திலிருந்து புறப்பட்டவை அல்லவே! வகுப்பில் இதைப் பாடமாக நடத்துபவனுக்கே அது அன்று தோன்றவில்லை.

எல்.இ.டி.க்கு வெகு அருகில் ஒரு சிறு குவிலென்சைப் பொருத்துவது சரியான வழி. விரிந்தோடும் கதிர்களை அது வளைத்துப் பெரிய லென்சுக்குள் அனுப்பும். வெளிவரும் மொத்த ஒளி கூடும். ஆனால் அது சில்லைப் பெரிதாக்கியும் காட்டுவதால் சதுரமும் பெரிதாகும். நடுவின் பிரகாசம் கூடாது. வரப்பில் நடக்க இது நல்லது. தென்னை உச்சியைப் பார்க்க உதவாது.

தொலைவில் பிரகாசம் வேண்டுமானால் லென்சின் பரப்பு பெரிதாக வேண்டும். அல்லது சில்லின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் அதிக ஒளி தரவேண்டும். மேற்சொன்ன லென்சில் 1 மி.மீ. சில்லு 20 மீட்டர் தொலைவில் 1 மீட்டர் சதுரத்தைத் தரும். 2 மி.மீ. சில்லானால் சதுரம் 2 மீட்டர். லென்சைச் சேரும் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவி நீர்த்துவிடும். ஆகவே எல்.இ.டி.யை மாற்றுவோர் பெரிய சில்லைத் தேடி ஏமாறக்கூடாது.

இனி மின்சாரப் பக்கம். மூன்று மின்கலங்கள் சேர்ந்து 4.5 வோல்ட் தருகின்றன, வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் போதும். இடையிலுள்ள சுருள்வில்களும் தொடுமுனைகளும் நான்கு இடங்களில் 0.1 ஓம் வீதம் தடை தந்தால், 1 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் அங்கேயே போய்விடும். மின்கலங்கள் தளரத் தளர இந்த இழப்பு உறைக்கும். துருவைத் தேய்த்து நீக்குங்கள். மின்கலங்களை வெளியே எடுத்துவிட்டு, மென்மையான செம்புக் கம்பியைச் சுருள்வில்லின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஈயம் வைத்து ஒட்டுங்கள். வில் அமுங்க இடம்விட்டு ஒட்ட வேண்டும்.

மின்னோட்டம் கூடினால் சூடும் கூடும். சூடு ஏறினால் எல்.இ.டி.யின் ஒளி குறையும், ஆயுளும் குறையும். எல்.இ.டி. தகட்டின் அடியில் வெப்பம் கடத்தும் பசை இருக்கிறதா என்று பாருங்கள். மலிவு டார்ச்சுகளில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. மூன்று மின்கலங்களுக்காகச் செய்த டார்ச்சில் லித்தியம் கலத்தைத் திணிப்பது மட்டும் வேண்டாம். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அது தீப்பிடிக்கும்.

மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஒரே சுவரில், ஒரே தொலைவில், இரண்டு முறையும் புதிய மின்கலங்களைப் போட்டு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது மின்கலங்களைத்தான்.