மலையேறினால் மரகதம்

மைன்கிராஃப்டில் குந்தாலி கைக்கு வந்ததும் எல்லோரும் காலடியைத்தான் தோண்டுவோம். இரும்பும் தங்கமும் வைரமும் அப்படிப் பழக்கிவிட்டன. வைரம் வேண்டுமென்றால், உயரத்தைக் காட்டும் ஒய் எண் மைனஸ் 64-இல் இருக்கும் அடிப்பாறையை நெருங்க நெருங்க நல்லது. மரகதத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. அதற்கு மலையேற வேண்டும்.

2012 ஆகஸ்டில் வந்த 1.3 பதிப்பில்தான் மரகதத் தாது விளையாட்டுக்குள் வந்தது. முதலில் யோசித்திருந்த கல் மாணிக்கம். அந்தச் சிவப்பையும் ரெட்ஸ்டோன் தாதுவின் சிவப்பையும் பிரித்துப் பார்க்க, நிறக்குறைபாடு உள்ளவர்கள் திண்டாடுவார்கள். உருவாக்கிய குழுவிலேயே ஒருவருக்கு அந்தக் குறைபாடு உண்டு. அதனால் கல் பச்சையானது. இந்தக் கல் எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த நாட்களில் மரகதம் மலைக்கு அடியில், ஒய் எண் 4-க்கும் 31-க்கும் இடையில் கிடந்தது. 2021 நவம்பர் 30-இல் வந்த 1.18 பதிப்பு மலைகளையே புதிதாக எழுப்பியது. மரகதமும் கூடவே மேலேறிக்கொண்டது. கடல்மட்டம் 63, அங்கிருந்து 232 வரை ஏற ஏறக் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. நிஜ உலகில் பேர்பெற்ற மூசோ, சிவோர் மரகதச் சுரங்கங்களும் கொலம்பியாவின் ஆண்டீஸ் மலைகளில்தானே இருக்கின்றன!

ஏறுவது லேசான வேலையில்லை. பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும் பொடிப்பனி, கால் வைத்ததும் ஆளையே விழுங்கும். தோல் பூட்ஸ் போட்டிருந்தால் மேலே நடந்துவிடலாம். விளிம்பில் நின்றால் மலையாடு ஓடிவந்து முட்டித் தள்ளும். இவற்றைத் தாண்டிச் சாம்பல்நிறப் பாறைச் சரிவை ஒவ்வொரு கட்டமாகக் கண்ணால் துழாவ வேண்டும். தோண்டுவதைவிடப் பார்ப்பதுதான் இங்கே பெரிய வேலை.

நான் முதன்முதலில் கண்டது சூரியன் சாயும் நேரத்தில். சாம்பலுக்கு நடுவே நாலைந்து பச்சைப் புள்ளிகள், ஒரே ஒரு கட்டம். பதற்றத்தில் கையிலிருந்த கல் குந்தாலியாலேயே உடைத்துவிட்டேன். தாது மறைந்தது, கீழே ஒன்றும் விழவில்லை. இரும்புக் குந்தாலியோ அதைவிட உசத்தியானதோ இருந்தால்தான் கல் கைக்கு வரும். சுற்றிலும் தோண்டிப் பார்த்தேன், வெறும் பாறை. வைரம் கொத்தாக இருக்கும். மரகதம் பெரும்பாலும் தனியாகவே இருக்கும்.

இப்போதெல்லாம் கண்டவுடன் உடைப்பதில்லை. எஃப்3 விசையை அழுத்தி இடத்தின் எண்களைக் குறித்துக்கொண்டு, கல்லைக் கூடுதலாக விழவைக்கும் ஃபார்ச்சூன் 3 மந்திரம் ஏற்றிய குந்தாலியோடு திரும்பி வருவேன். ஒரு தாதுவில் நான்கு கல் வரைகூட விழும்.

இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கிராமத்தில் அம்பு செய்கிறவரிடம் 32 குச்சிகளைக் கொடுத்தால் ஒரு மரகதம் தந்துவிடுவார். வாங்கவும் விற்கவும் அது போதும், நானும் அப்படித்தான் சேர்க்கிறேன். ஆனால் அங்கே கிடைப்பது காசு. மலையில் கிடைப்பது, நாமே தேடிக் கண்ட கல். இரண்டையும் ஒரே பெட்டியில் போட எனக்கு மனம் வருவதில்லை.

மலையின் வேர்ப்பகுதியில், பூஜ்யத்துக்குக் கீழே கரும்பாறையில் பதிந்த மரகதமும் உண்டு. மைனஸ் 16 வரைதான் அது இருக்கும். அத்தனை ஆழத்தில் மரகதம் அமைவதே அபூர்வம். போன மாதம் ஒரு குகைச் சுவரில் அது தென்பட்டது. சில்க் டச் மந்திரம் ஏற்றிய குந்தாலியால் உடையாமல் பெயர்த்தெடுத்து, என் வீட்டு வாசல் நிலைக்கு மேலே பதித்திருக்கிறேன். பக்கத்திலேயே ஒரு தீப்பந்தம்.